சட்டியில் பிரட்டிய சோறு

கேட்டில் இருந்த முகம் பார்க்கும் மெஷின், மூன்றாவது நாளாக மாரிசெல்வியைத் தெரியாது என்றது. பச்சை வட்டம் அவள் முகத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது, யோசிப்பதுபோல் கொஞ்சம் நின்றது, பிறகு சிவந்துவிட்டது. காலை ஐந்தே முக்கால். கம்பெனி பஸ்களிலிருந்து இறங்கிய ஆறு மணி ஷிப்டு ஆட்கள் பின்னால் வரிசையில் நெளிந்தார்கள்.

"இன்னாம்மா, டெய்லி வேற யார் மூஞ்சியோ மாட்டிகினு வந்துடற?" என்றார் செக்யூரிட்டி முனிரத்தினம். "மெஷின் இன்னா பண்ணும், பாவம். இன்னிக்கு நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டு போ. ஷிப்டு வுட்டதும் எச்.ஆர்ல போயி புதுசா போட்டோ புடிச்சிக்க."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவளுக்கு அவமானமாக இல்லை. வெளியே தலையைக் குனிந்துகொண்டாலும், உள்ளே பரிசு வாங்கியவள்போல ஒரு துள்ளல். எட்டு மாதமாகத் தராசு சொல்லிக்கொண்டிருந்ததை இன்று ஒரு மெஷின் ஊரறியச் சொல்லிவிட்டது. பழைய மாரிசெல்வி போய்விட்டாள்.

பழையவளை விரட்டவேண்டும் என்ற எண்ணம் வேலைக்குச் சேர்ந்த அன்றே விழுந்தது. யூனிஃபார்ம் கொடுத்தவர் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உள்ளே இருந்தவனிடம் "டபுள் எக்ஸெல் இருக்கா பாரு, இல்லாட்டி ஆம்பளைங்க சைசுல எடு" என்று கத்தினார். கூட நின்ற முப்பது பேருக்கும் கேட்டது. சில மாதம் அந்தக் கத்தலை மென்று விழுங்கினாள். பிறகு ஒருநாள் போனில் ஒரு ஆப்பை இறக்கினாள். எதைத் தின்றாலும் அதில் எத்தனை கலோரி என்று அது ஒரு எண் சொன்னது. முதலில் சீனியை விட்டாள். அடுத்து மைதா, அப்புறம் எண்ணெய். கடைசியில் சோறு. சோற்றை விட்டபோது அது வெறும் ஒதுக்கலாக இருந்தது. எப்போது பயமாக மாறியது என்று அவளுக்கே தெரியாது. கேண்டீனில் சோற்றுப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தால், ஆவி மேலே பட்டாலே உடம்பில் ஏறிவிடும் என்பதுபோல அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிடுவாள். வெள்ளரிக்காய், முட்டையின் வெள்ளை, ஒரு கை சுண்டல். அதோடு ஷிப்டு முடிந்து சேரப்பணஞ்சேரி ரூமுக்கு வந்ததும் ஷூவை மாட்டிக்கொண்டு சர்வீஸ் ரோட்டில் பத்து கிலோமீட்டர் ஓட்டம். ஓரமாக நிற்கும் கண்டெய்னர் லாரிகளின் நிழலில் டிரைவர்கள் ஸ்டவ் வைத்துச் சோறு வடிப்பார்கள். அந்த இடம் வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவாள். நான்கு மாதமாக மாதவிலக்கு வரவில்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் கனவில் தின்பாள். கை நிறைய அள்ளித் தின்றுவிட்டு, ஐயோ போச்சே என்று அழுதுகொண்டே விழிப்பாள். நாக்கால் துழாவிப் பார்ப்பாள். வாய் காலியாக இருக்கும். அப்பாடா என்றிருக்கும். அதன் பின்னாலேயே, ஏன் காலியாக இருக்கிறது என்றும் இருக்கும்.

இரண்டு மணிக்கு எச்.ஆர் அறையில் கோதா மேடம் அவளைச் சுவரோரம் நிறுத்திப் புதுப் படம் எடுத்தாள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவள். நெற்றியில் மெல்லிய சிவப்புக் கோடு, கீபோர்டு பக்கத்தில் டிபன் பாக்ஸ். ஸ்கிரீனை இவள் பக்கம் திருப்பி, "ரெண்டும் நீங்கதானே, பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

வலது பக்கத்தில் இன்று எடுத்தது: கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக. இடது பக்கத்தில் பழையது. அந்தக் குண்டு முகத்தைப் பார்த்தால் கூசும் என்று எதிர்பார்த்துத்தான் மாரிசெல்வி குனிந்தாள். பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். படத்தில் ஒரு கன்னம் மட்டும் உப்பியிருந்தது. ராத்திரி முழுக்க ரயிலில் வந்து, வேலைக்குச் சேர்ந்த அன்று காலை கேட்டுக்கு வெளியே நின்றபோது, ஊரிலிருந்து கூட வந்த தங்கமாரி கட்டுச்சோற்றைப் பிரித்து, "போட்டோ புடிக்கதுக்குள்ள முழுங்குட்டி" என்று புளிச்சோற்றை வாயில் திணித்தாள். விழுங்குவதற்குள் பெயர் கூப்பிட்டுவிட்டார்கள். வாயில் சோற்றை ஒதுக்கிக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் நிற்கிறாள் அந்தப் பெண். யூனிஃபார்ம் கொடுக்கிற இடத்துக்கு அவள் போக இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.

"பழச எடுத்துடறேன்."

"ரெண்டும் இருக்கட்டுமே மேடம்."

"சிஸ்டத்துல ஒருத்தருக்கு ஒரு முகம்தான் ஏத்துக்கும்."

மவுஸ் ஒரு சொடுக்குச் சொடுக்கியது. இடது பக்கம் வெறும் சாம்பல் நிறக் கட்டமானது. மாரிசெல்விக்குப் போனவளைக் கூப்பிட்டு, என்ன சிரிப்பு, எனக்கும் சொல்லு என்று கேட்கவேண்டும்போல இருந்தது.

ரூமுக்கு வந்து வழக்கம்போல ஷூவை மாட்டினாள். ரூமில் கூட இருக்கும் தங்கமாரிக்கும் செல்வலட்சுமிக்கும் அன்று வார லீவு. இண்டக்ஷன் அடுப்பை ஜன்னலோரம் வைத்துக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார்கள். தின்று முடித்து, குழம்பு ஒட்டியிருந்த சட்டியில் மிச்சச் சோற்றைப் போட்டுப் பிரட்டி, சட்டியை நடுவில் வைத்து இருவரும் கைவிட்டுக்கொண்டிருந்தார்கள். முன்பு அதில் மூன்று கை இருந்தது. அடியில் ஒட்டியதை யார் வழிப்பது என்று அடிதடியே நடக்கும். இப்போது அவர்கள் அவளைக் கூப்பிடுவதில்லை. எத்தனை முறை வேண்டாம் என்று சொல்லிக் கூப்பிடாமல் பழக்கிவிட்டாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். கதவுவரை போனவள் திரும்பினாள்.

"எனக்கு ஒரு வாய் தாரியா?"

சட்டிக்குள் இரண்டு கைகளும் நின்றன.

"ஆப்புகிட்ட கேட்டியாட்டி?" என்றாள் செல்வலட்சுமி. "அது வையாதா?"

தங்கமாரி சிரிக்கவில்லை. "சித்திரையில ஒரு வாய் ஊட்டுனேன். நெனவிருக்கா? உடனே மாடிக்குப் போயி கயித்த வச்சிக் குதிச்ச. நான் கீழ படுத்துகிட்டு எண்ணிட்டே கெடந்தேன். ஆயிரத்து இருநூறு. ஒவ்வொண்ணும் என் மண்டையில விழுந்த மாதிரி இருந்துச்சு. என்னால இனிமே ஊட்ட முடியாது செல்வி. வேணும்னா நீயே எடுத்துத் தின்னு."

அவள் அதை எண்ணியிருப்பாள் என்று மாரிசெல்வி நினைத்ததே இல்லை. ஷூவோடு மண்டியிட்டு உட்கார்ந்து சட்டியில் கையை விட்டாள். சோறு இன்னும் சூடாக இருந்தது. சிவந்து, எண்ணெய் மினுங்க, விரல்களுக்கிடையில் பிதுங்கியது. உருட்டினாள். தலைக்குள் ஆப் எண் சொல்லத் தொடங்கியது. தொண்ணூறு. இல்லை, எண்ணெயோடு சேர்த்தால் நூற்றிப்பத்து. நெஞ்சு படபடத்தது, பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில்கூட இப்படி அடித்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டாள்.

உப்பும் புளிப்பும் கருவாட்டின் வாடையும் நாக்கின் இரண்டு ஓரங்களிலும் சுரீர் என்று இழுத்தன. மென்றாள். ஒரு பருக்கையும் தப்பிவிடக்கூடாது என்பதுபோல மென்றாள். விழுங்குகிற இடத்தில் பயம் வந்து குறுக்கே நின்றது. ஒரு கன்னத்தில் சோற்றை ஒதுக்கிக்கொண்டு அப்படியே இருந்தாள்.

"துப்பணும்னா துப்பிரு, நாங்க ஒண்ணும் நெனைக்க மாட்டோம்" என்றாள் தங்கமாரி மெதுவாக.

மாரிசெல்வி மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். கண்ணில் நீர் கட்டியது. விழுங்கினாள். அது இறங்குவது நெஞ்சு நெடுக வெதுவெதுப்பாகத் தெரிந்தது. ஓடு, இப்போதே எழுந்து ஓடு என்று கால்கள் சொல்லின. ஒரு முட்டி தரையிலிருந்து எழும்பியும்விட்டது.

தங்கமாரி, சட்டியை மறைத்துக்கொண்டிருந்த தன் முழங்காலைக் கொஞ்சம் ஒதுக்கினாள். இன்னொரு கை நுழையும் அளவு இடம்தான். மாரிசெல்வியின் கை சட்டியின் விளிம்பில் இருந்தது. சிவந்த எண்ணெய் ஒரு கோடாக உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டை நோக்கி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.