ஈர மணல்

எந்தத் துணியில் எந்தக் கறை விழுந்தாலும் அவளிடம் கொண்டுவந்தால் போதும். சலவைக் கடையில் பதினாலு வருஷமாக அவளுக்கு அதுதான் வேலை. கடை முதலாளி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டே வெகுநாளாகிவிட்டது, ‘கறையம்மா’தான். மை, துரு, எண்ணெய், உதட்டுச் சாயம், எதுவானாலும் அவள் கை பட்டால் போன இடம் தெரியாது. அந்தக் கைதான் அவள் வீட்டுக்கே வினையாக வந்தது.

அவள் வீட்டுக்காரர் சோபா தைக்கிறவர். ஊரார் வீட்டுக்கெல்லாம் தைத்துக் கொடுத்துவிட்டுத் தன் வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதர், மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்று பச்சை வெல்வெட்டில் தனக்கென்று ஒன்றைத் தைத்து முடித்தார். நான்காம் நாளே பூனை அதன் மேல் ஏறி, அவர் கண்ணெதிரே மூத்திரம் பெய்தது.

பூனைக்கு மாப்பிள்ளை என்று பெயர். வேளாவேளைக்குச் சாப்பாடு, மற்ற நேரமெல்லாம் தூக்கம், கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். பெயர் வைத்ததே வீட்டுக்காரர்தான். ஆறு வருஷமாக அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியவரும் அவர்தான். அன்றைக்கு மட்டும் கத்தரிக்கோலை வீசியெறிந்துவிட்டுத் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

“மணல் தட்டு அங்க இருக்கறப்போ இங்க வந்து பெய்யறான்னா எவ்வளவு திமிரு! இன்னொரு தடவை இந்த வீட்ல நாத்தம் அடிச்சா, சாக்குல போட்டுக் கட்டி ஆத்துக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வந்துடுவேன். சொல்லிட்டேன்!”

சொன்னால் செய்கிற ஆள் என்றுதான் அவரைப் பற்றி அவள் நினைத்திருந்தாள்.

மறுநாள் காலை குளியலறை மிதியடியில் ஈரம். அவர் எழுந்து பல் தேய்ப்பதற்குள் வெந்நீரில் வினிகர் கலந்து ஒற்றி, பொடி தூவி, துடைத்து முடித்துவிட்டாள். மோப்ப நாயைக் கொண்டுவந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அடுத்த நாள் அலமாரிக்கு அடியில், அதற்கடுத்த நாள் ஜன்னலோரம். தினமும் அவருக்கு முன்னால் எழுந்து, மண்டி போட்டு வீட்டைச் சுற்றிவந்து தேடித்தேடி அழித்தாள். அதில் கொஞ்சம் பெருமை வேறு, பைத்தியக்காரிக்கு.

மணல் தட்டைச் சுத்தம் செய்வது அவருடைய வேலை. பூனை பெய்தால் மணல் உருண்டு கட்டியாகும், அதைக் கரண்டியால் அள்ளிப் போடவேண்டும். ஒருநாள் கரண்டியும் கையுமாக நின்று, “என்ன இது, ஒண்ணையுமே காணோம்?” என்று கேட்டார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அவர் எழுவதற்கு முன் அரை டம்ளர் தண்ணீரை எடுத்து, மணலில் இரண்டு இடத்தில் ஊற்றி வைத்தாள். கட்டி உருண்டதில் அசல் தோற்றது.

“மாப்பிள்ளை இன்னிக்கும் ரெண்டு!” என்று அவர் சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுப்பார். அவர் கணக்குப் பார்க்கிறார் என்று அவளுக்குத் திக்கென்றிருக்கும்.

கறை நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே வந்தது. உள்ளங்கை அகலம் இருந்தது சொட்டானது. மாப்பிள்ளை மணலில் போய் உட்கார்ந்து உட்கார்ந்து முனகிவிட்டு வருவதை அவள் பார்க்கத்தான் செய்தாள். ஆனால் அவள் கண் முழுக்கத் தரையில்தான் இருந்தது. வியாழக்கிழமை வீடு முழுக்கத் தேடியும் ஒரு சொட்டுக்கூட இல்லை. அப்பாடா என்று அவனைத் தூக்கி முத்தம் கொடுத்தாள். அவன் வயிறு கல்லு மாதிரி இருந்தது. நன்றாகச் சாப்பிட்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அவன் அலமாரிக்குப் பின்னால் சுருண்டு கிடந்தான். நுரை நுரையாக வாந்தி. வீட்டுக்காரர் பதறிப்போய்க் கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டார்.

“மூத்திரமெல்லாம் ஒழுங்காப் போகுது டாக்டர். இன்னிக்குக்கூட ரெண்டு கட்டி நானே என் கையால அள்ளினேன்.”

அவள் வாயைத் திறந்தாள். அவருக்குப் பின்னால் பச்சை சோபா தெரிந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

“வயித்துக் கோளாறாத்தான் இருக்கும்னு சொல்றாரு. சாப்பாடு குடுக்காம, சாயங்காலம் கொண்டுவரச் சொன்னாரு” என்றார் அவர். சாயங்காலம்தானே, எப்படியும் டாக்டர் பார்க்கத்தானே போகிறார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள்.

மதியம் ஒரு வெள்ளைச் சட்டை வந்தது, மார்பில் ரத்தம். ரத்தத்தில் வெந்நீர் பட்டால் கறை துணியோடு ஒட்டிக்கொள்ளும், பச்சைத் தண்ணீர்தான் வேண்டும். அவள் கை தானாகவே பச்சைத் தண்ணீர்க் குழாய்க்குப் போனது. போன கை அப்படியே நின்றது.

செவ்வாய்க்கிழமை செருப்பு அலமாரிக்கு அடியில் இருந்த இரண்டு சொட்டு. அன்றைக்கும் இந்தக் கை வெந்நீரை ஒதுக்கிவிட்டுப் பச்சைத் தண்ணீரைத்தான் எடுத்தது. புதன்கிழமையும் அப்படித்தான். கைக்குத் தெரிந்திருக்கிறது. அவள்தான் கேட்டுக்கொள்ளவில்லை.

முதலாளியின் போனைப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

“என்னங்க, இப்பவே அவனைத் தூக்கிட்டு ஓடுங்க. சாயங்காலம் வரைக்கும் வேண்டாம்.”

“ஏன், என்னாச்சு?”

“அந்தக் கட்டி ரெண்டும் அவனோடது இல்ல. நான் ஊத்தின தண்ணி. அவன் ரத்தமாப் போயிட்டிருந்தான், நான்தான் துடைச்சிட்டே இருந்தேன்.”

மறுமுனையில் கதவு அறையும் சத்தம் கேட்டது.

ஓட்டமும் நடையுமாக அவள் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மருத்துவர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“கடுவன் பூனைக்கு மூத்திரக் குழாய் அடைச்சுக்கும்மா. ஒரு நாள் போகலன்னாலே உடம்பு பூரா விஷமாயிடும். குழாய் போட்டு எடுத்துப் பாத்தேன், இதயம் தாங்கல. காலையிலயே வந்திருந்தா பிழைக்க வெச்சிருப்பேன்.” அவர் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். “நீங்க ரெண்டு கட்டி அள்ளினேன்னு சொன்னீங்களே சார்?”

வீட்டுக்காரர் அவளை ஒரு தரம் பார்த்தார்.

“நான்தான் சரியாப் பாக்கல டாக்டர்” என்றார்.

வெளியே வந்து இருவரும் கூடையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தெருமுனை வரை பொறுத்துப் பார்த்தாள், முடியவில்லை.

“சாக்குல கட்டிக் கொண்டுபோய் விட்டுடுவேன்னு சொன்னீங்களே” என்றாள் அழுதுகொண்டே. “அதனாலதான் மறைச்சேன்.”

அவர் நின்றுவிட்டார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அதில் நடிப்பு எதுவும் இல்லை.

“மாப்பிள்ளையையா? நானா?” என்றார். “எப்போ சொன்னேன்?”