காவ்யா தண்ணீர் கேட்டாள்

காவ்யாவுக்கு வயது ஒன்று, மேலே இரண்டு மாதம். அவளை அப்பா வெற்றிசெல்வன் தனியாகப் பார்த்துக்கொண்டது அன்றுதான் முதல் தடவை. மனைவி ரஞ்சிதா குரூப் ஃபோர் தேர்வு எழுத விடிந்ததும் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறியிருந்தாள். முந்தின நாளே பிள்ளை இரண்டு தடவை பால் கக்கியிருந்தாள். பல் முளைக்கிற நேரம் என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

ஏழரை மணிக்குள் ஐந்து தடவை பேதியாகிவிட்டது. மஞ்சள் தண்ணீராகப் போனது. குடித்ததெல்லாம் அப்படியே வாந்தியாக வந்தது. உள்ளே போவதால்தானே வெளியே வருகிறது என்று எண்ணி, வயிறு கொஞ்சம் ஓயட்டும் என்று பாலையும் தண்ணீரையும் நிறுத்தினான். காவ்யா டம்ளரைப் பார்த்துக் கையை நீட்டினாள். அவன் அதை எடுத்து அவள் கண்ணில் படாமல் வைத்தான்.

வாந்தி நின்றது. அவனுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பத்து மணி வாக்கில்தான் வீடு ரொம்ப அமைதியாக இருப்பது உறைத்தது. பிள்ளை விழித்துத்தான் கிடந்தாள். அழ வாயைக் கோணினாள். சத்தம் மெலிதாக வந்தது. கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. கண்கள் குழிக்குள் போயிருந்தன.

தேர்வறையில் போன் எடுக்க முடியாது என்று தெரிந்தும் ரஞ்சிதாவுக்கு அடித்தான். பிறகு பக்கத்து வீட்டு ஆனந்தராஜைக் கூப்பிட ஓடினான். அவர் பைக்கை ஓட்ட, இவன் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துப் பின்னால் உட்கார்ந்தான். குடுமியான்மலையிலிருந்து இலுப்பூர் ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரம்கூட இல்லை. பாதி வழியில் அவள் தலை துவண்டு விழுந்தது.

"அண்ணே, நிறுத்துங்க. மூச்சு விடுறாளான்னு தெரியலண்ணே."

ஆனந்தராஜ் இறங்கி அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். "விடுறாப்பா. நல்லா பிடிச்சுக்க" என்று சொல்லிவிட்டு வண்டியை விரட்டினார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் இளமதி பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டாள். மடிப்பு உடனே அடங்கவில்லை. கடைசியாக எப்போது ஒண்ணுக்குப் போனாள் என்று கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. தண்ணீர் கொடுத்தீர்களா என்றதும் காலையிலேயே நிறுத்திவிட்டதாகச் சொன்னான்.

கையில் நரம்பு அகப்படவில்லை. மூன்று இடத்தில் ஊசி ஏறியும் காவ்யா அழவில்லை. அதுதான் அவனை உலுக்கியது. நாலாவதாகக் காலில் கிடைத்தது. இது வைரஸ், இதைக் கொல்ல மருந்து கிடையாது, இழந்த தண்ணீரைத் திருப்பி ஏற்றுவதுதான் வைத்தியம் என்றார் டாக்டர். பிழைத்துவிடுவாளா என்று இவன் கேட்டதற்கு, சாயங்காலம் வரை பார்க்கலாம் என்றார்.

ஒரு மணிக்கு ரஞ்சிதாவின் போன் வந்தது. நன்றாக எழுதியதாகச் சந்தோஷமாகச் சொன்னாள். பாப்பா என்ன செய்கிறாள் என்று கேட்டாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான்.

"தண்ணி கேட்டா, ரஞ்சி. நாந்தான் குடுக்கல."

பஸ் ஸ்டாண்டு இரைச்சலுக்கு நடுவே, "எந்த வார்டு?" என்றாள்.

அவள் வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் காவ்யா காலை உதைத்தாள். பிறகு வாய் திறந்து, கண்ணீரோடு அழுதாள். மடியில் ஒண்ணுக்குப் போனதில் அவன் வேட்டி நனைந்தது. இளமதி கிண்ணத்தில் உப்புச்சர்க்கரைக் கரைசலை ஊற்றி, வாந்தி எடுத்தாலும் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி கொடுங்கள் என்று சொல்லிப் போனாள்.

வெற்றிசெல்வன் கிண்ணத்தை மனைவியிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை. பிள்ளையை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்தாள்.

"நீங்களே குடுங்க" என்றாள்.

அவன் ஸ்பூனில் மொண்டு அவள் வாயருகே கொண்டுபோனான். முதல் ஸ்பூனில் பாதி சிந்திவிட்டது.