நான்கு விரல் தூரம்

"தர முடியாதுன்னா தர முடியாது. துப்பாக்கிக் கண்ணாடி இன்னும் வளையத்துல ஒட்டவே இல்லை," என்றாள் மதில்டே, கையிலிருந்த அரத்தைக் கீழே வைக்காமலே.

கறுப்பு உடுப்பில் வந்து நிற்கும் பெண்ணிடம் இப்படிப் பேச ஃபெர்லாக் ஊரில் வேறு யாருக்கும் வாய் வராது. துப்பாக்கி செய்யும் மதில்டேயின் சுபாவமே அப்படி. ரோமானாவுக்கு அது ஒரு வகையில் ஆறுதலாகக்கூட இருந்தது. செவ்வாய்க்கிழமை கணவர் வாலன்டின் இறந்ததிலிருந்து மூன்று நாளாக எல்லோரும் அவளிடம் காய்ச்சல்காரியிடம் பேசுவதுபோலத் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு மணிக்கு அடக்கம், மதில்டே. துப்பாக்கியோட வரச் சொல்லியிருக்கார் ப்ரிமுஸ். சவப்பெட்டி மேல வைக்கணுமாம்."

"வச்சுட்டு?"

"சங்கத்து வீட்டுச் சுவத்துல மாட்டப் போறாங்களாம். பேர் போட்ட பித்தளைத் தகடுகூட வந்தாச்சு."

மதில்டே மூக்கால் சிரித்தாள். "பிப்ரவரியிலேர்ந்து ராப்பகலா அரத்தைத் தேய்ச்சது சுவத்துக்கு நகை பண்ணவா? நல்ல கதையா இருக்கே!"

ப்ரிமுஸ் வாலன்டினின் தம்பி. அவர்கள் ஊர் வேட்டைச் சங்கத்துக்குப் பதினோரு வருடமாகத் தலைவர். அந்தத் துப்பாக்கி அவர்களுடைய அப்பாவுடையது. நடுவில் மடிந்து திறக்கும் ஒற்றைக் குழல் துப்பாக்கி, இதே ஃபெர்லாக்கில் செய்தது. அப்பா இறந்தபோது அவர் பெட்டியின் மேல் இருந்து, பிறகு மூத்தவன் கைக்கு வந்தது. வாலன்டினுக்குப் பிள்ளை இல்லை. அதனால் இனி அது சங்கத்துக்குத்தான் என்று ப்ரிமுஸ் தாமாகவே முடிவு கட்டிவிட்டார். ரோமானாவைக் கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவளும் கேட்கவில்லையே என்று சொல்லிக்காட்டவில்லை.

அவளுக்கும் வேட்டை அனுமதி அட்டை உண்டு. போன வருடம், ஐம்பத்தெட்டாவது வயதில், இருபது வயதுப் பையன்களோடு உட்கார்ந்து பரீட்சை எழுதி வாங்கினாள். வாலன்டினுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்து, காட்டில் மானுக்குக் காத்திருக்கும் காவல் மேடை ஏணியில் ஏற முடியாமல் போனபோது, "நீ ஏறு, நான் கீழ நிக்கிறேன்" என்று அவர்தான் பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அட்டை வந்தது. ஆனால் அந்தத் துப்பாக்கி அவளுக்கு இணங்கவில்லை. அதன் மேலிருந்த பழைய தொலைநோக்கி வாலன்டினுக்கும் அவர் அப்பாவுக்கும் இருந்த நீளக் கழுத்துக்கு ஏற்ப முன்னால் தள்ளி இருந்தது. முகத்தை நீட்டி நீட்டிப் பார்த்தவளைப் பயிற்சித் திடலில் முதல் குண்டிலேயே அது திருப்பி உதைத்தது. உலோக விளிம்பு புருவத்தைக் கிழித்துவிட்டது. தழும்பு இன்னும் பிறை மாதிரி நிற்கிறது. சாராயக் கடையில் ஒருவர் விடாமல் எல்லோரும், "ரோமானா நெத்தியில சந்திரன் உதிச்சிருக்கு" என்று கேலி செய்தார்கள். அக்டோபரில் ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் காட்டோரம் ஒரு மான் வந்து நின்றது. பழைய கண்ணாடியில் அது மானா புதரா என்றே தெரியவில்லை. அவள் சுடாமல் இறங்கி வந்தாள். "கண்ணு தெரியாதவங்களுக்கு எதுக்கு அண்ணி இந்த ஆசை?" என்றார் ப்ரிமுஸ். அதன் பிறகு அவள் துப்பாக்கியைத் தொடவில்லை.

பிப்ரவரியில் வாலன்டின், கைத்தடியும் ஆக்ஸிஜன் குழாயுமாக இருந்தவர், ஃபெர்லாக் போகவேண்டும் என்றார். அவள்தான் காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். அவள் எதிரே ரொட்டிக் கடையில் காத்திருக்க, அவர் மட்டும் பட்டறைக்குள் போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தார். புதுத் தொலைநோக்கி போடச் சொல்லியிருக்கிறேன் என்றார். அவர் உயிருக்கு டாக்டர் ஏற்கெனவே மாதக் கணக்குச் சொல்லியிருந்தார். அவளுக்குப் பொறுக்கவில்லை. "யாருக்கு இது? எந்தக் கண்ணுக்கு?" என்று கேட்டுவிட்டாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தக் கேள்வி மூன்று நாளாக அவளை விடவில்லை. சாகப்போகிறவனின் ஒரே ஆசையைக் கேலி செய்துவிட்டோமே என்று நினைத்து நினைத்து அழுதிருந்தாள்.

மதில்டே உள்ளே போய்த் துப்பாக்கியைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்த கம்பளியில் வைத்தாள். பழைய துப்பாக்கிதான். ஒரு புதுத் துளைகூட இல்லை. குழலின்மேல் இருந்த அதே பழைய குழிகளில், அவள் கையாலேயே அரம் வைத்து இழைத்த புதுக் கொக்கிக் கால்கள் உட்கார்ந்திருந்தன. முன்கால்களைக் கொக்கியாய் மாட்டி, பின்கால்களை அழுத்தினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். கால்களின் மேல் இரண்டு வளையங்கள். அவற்றுக்குள் கறுத்துத் தடித்த புதுத் தொலைநோக்கி ஒட்டப்படாமல் சும்மா கிடந்தது.

"பழைய கண்ணாடி இரும்பு. நெருப்புல காட்டி வளையத்தைப் பத்தவச்சாங்க. இது அலுமினியம், நெருப்பு ஆகாது. பசைதான். ஒட்டினா ஒட்டினதுதான். அதனால முதல்ல சுடுற ஆள் வந்து தோள்ல வச்சுப் பார்க்கணும்."

"சுடுற ஆள்தான் போயிட்டாரே."

"சுடுற ஆள் கறுப்பு உடுப்புல என் எதிர்ல நிக்குது."

ரோமானாவுக்கு முதலில் புரியவில்லை. மதில்டே அரத்தைக் கீழே வைத்தாள். அன்று காலை முதல்முறையாக அவள் குரலும் கொஞ்சம் இறங்கியது.

"அவர் தனக்குன்னு கேக்கலை அக்கா. இந்த மேசையில துப்பாக்கியை வச்சு, விரலை வச்சுக் காட்டினார். 'அவ கழுத்துக் குட்டை, கண்ணாடி நாலு விரல் பின்னாடி வரணும்'னார். விரலெல்லாம் அளவாகாது, ஆளைக் கூட்டிட்டு வாங்கன்னேன். 'எதிர்க் கடையிலதான் உட்கார்ந்திருக்கா, ஆனா இப்ப வரமாட்டா. நான் இருக்கிற வரைக்கும் இது உங்க துப்பாக்கின்னுதான் சொல்லுவா. அப்புறம் வருவா. அதுவரைக்கும் ஒட்டாதே'ன்னுட்டார். நெத்தியை வேற தொட்டுக் காட்டினார். 'அந்தக் காயம் என்னால'ன்னார்."

ரோமானா பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் வாய்விட்டே அழுதாள். மூன்று நாளாக அழுததற்கும் இதற்கும் வித்தியாசம் இருந்தது. இது குற்ற உணர்வின் அழுகை இல்லை. மதில்டே ஒரு துணியை நீட்டினாள். எண்ணெய்த் துணி. முகத்தைத் துடைத்ததும் ரோமானாவின் கன்னத்தில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது.

"ஐயோ, தப்பான துணி," என்றாள் மதில்டே. இருவரும் சிரித்துவிட்டார்கள்.

"எழுந்திருங்க. கண்ணை மூடிக்கிட்டே தோள்ல வைங்க. கன்னம் தானா துப்பாக்கிக் கட்டையில போய் உட்காரட்டும், நீங்க போய்த் தேடக் கூடாது. இப்பத் திறங்க."

திறந்தாள். ஒரு கறுப்பு வளையம், அதற்குள் சின்னதாக வெளிச்சம்.

"ஓரமெல்லாம் இருட்டா இருக்கு."

மதில்டே தொலைநோக்கியை ஒரு அரிசி அளவு பின்னால் இழுத்தாள். ரோமானா கண்ணை மூடித் திறந்தாள். இன்னும் ஒரு அரிசி. மூடித் திறந்தாள். ஏழாவதோ எட்டாவதோ தடவை, இருட்டு எங்கும் இல்லை. கண்ணுக்கு முன்னால் குழாய் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. ரொட்டிக் கடையின் தகரக் கூரை, அதன்மேல் ஒரு குருவி, அதன் அலகில் ஒரு துரும்பு. அவள் கழுத்தை நீட்டவே இல்லை. எல்லாம் தானாக வந்து கண்ணில் நின்றது.

"வந்துடுச்சு," என்றாள்.

மதில்டே பென்சிலால் ஒரு கோடு போட்டாள். பழைய கண்ணாடியின் விளிம்பு நின்ற இடத்திலிருந்து புதியதின் விளிம்புவரை விரல் வைத்துப் பார்த்தாள். நான்கு விரல்தான். "உங்க மனுஷன் கண்ணு பொல்லாத கண்ணு," என்றாள்.

பிறகு நேராகவே சொன்னாள். "இப்ப ஒட்டினா, நாளைக் காலை வரைக்கும் கண்ணாடி துப்பாக்கி மேலயே அசையாம இருக்கணும். பெட்டி மேல வைக்க முடியாது. வேணாம்னா சொல்லுங்க, பழைய கண்ணாடியை இந்த நிமிஷமே மாட்டித் தரேன். கொண்டுபோங்க. திங்கக்கிழமை திரும்பக் கொண்டுவாங்க, ஒட்டிக்கலாம்."

நியாயமான பேச்சு. ஆனால் ரோமானாவுக்குத் தன்னைத் தெரியும். சுவரில் ஏறி, கீழே பித்தளைத் தகடும் அறைந்த பிறகு, பதினெட்டு ஆண்களுக்கு நடுவில் நின்று "அதை இறக்குங்க, அது என்னுது" என்று சொல்ல அவளுக்குத் தைரியம் வராது. நாற்பது வருடம் அவர்களுக்குச் சூப்பு ஊற்றிக் கொடுத்தவள் அவள்.

"திங்கக்கிழமை அது திரும்பி வராது, மதில்டே."

"அது உங்க பாடு."

சுவர்க் கடிகாரத்தில் பத்தரை. ரோமானா கன்னத்துக் கறுப்பைப் புறங்கையால் தேய்த்துக்கொண்டே நின்றாள்.

"பசையைக் கலக்கு," என்றாள்.

மதியம் அவள் ஊர் மாதா கோயில் முற்றத்தில் சங்கத்துக்காரர்கள் பச்சைக் கோட்டும் தொப்பியுமாக ஏற்கெனவே கூடியிருந்தார்கள். பெட்டியின்மேல் வாலன்டினின் தொப்பி இருந்தது. அதன் பக்கத்தில் துப்பாக்கிக்காக இடம் விட்டு வைத்திருந்தார்கள். ப்ரிமுஸ் நேராக வந்தார்.

"துப்பாக்கி எங்க அண்ணி?"

"ஃபெர்லாக்ல இருக்கு. பசை காயுது."

"என்ன பசை?"

"புதுக் கண்ணாடியை என் கண்ணுக்கு வச்சு ஒட்டியிருக்கு. நாளைக்குப் போய் எடுத்துப்பேன்." குரல் நடுங்கும் என்று எதிர்பார்த்தாள். நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. "அவர் ஏற்பாடு பண்ணிட்டுப் போயிருக்கார், ப்ரிமுஸ். நானே இன்னைக்குக் காலையிலதான் தெரிஞ்சுக்கிட்டேன். சுவத்துக்கு இல்லை. எனக்கு."

ஊதுகொம்பு வைத்திருந்தவர்கள் தங்கள் கொம்பையே உற்றுப் பார்க்கத் தொடங்கினார்கள். ப்ரிமுஸின் கழுத்து சிவந்தது.

"அப்பாவோட துப்பாக்கி அது."

"தெரியும். அதான் இதைக் கொண்டுவந்தேன்." பையிலிருந்து துணிச்சுருளை எடுத்துப் பிரித்து அவர் கையில் வைத்தாள். பட்டறையிலிருந்து வாங்கி வந்த பழைய தொலைநோக்கி, அதன் கொக்கிக் கால்களோடு. சாயம் போய் விளிம்பெல்லாம் வெள்ளையாகத் தேய்ந்திருந்தது. "உங்க அப்பா கண்ணும் அவர் கண்ணும் இதுலதான் பார்த்தது. இது உங்களுக்கு. சங்கத்துக்கு வேணும்னா இதை மாட்டுங்க."

ப்ரிமுஸ் அதை உள்ளங்கையில் வைத்துப் புரட்டினார். திட்டப்போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் ஒரு கண்ணை மூடி, குழாயைக் கோயில் மணிக்கூண்டுப் பக்கம் தூக்கிப் பார்த்தார்.

"ஒரு மண்ணும் தெரியலை," என்றார் கடைசியில், கரகரத்த குரலில். "இதை வச்சுக்கிட்டா எங்க அண்ணன் அத்தனை மான் அடிச்சான்?"

அதைப் பெட்டியின்மேல், தொப்பிக்குப் பக்கத்தில் வைத்தார். உருண்டுவிடுமோ என்று கையைப் பக்கத்திலேயே வைத்திருந்தார். நான்கு கொக்கிக் கால்களில் அது அசையாமல் நின்றது.

குழிக்குள் பெட்டி இறங்கியது. கொம்புகள் ஊதி ஓய்ந்தன. அந்த ஊரில் சொந்தக்காரர்கள் மண் போடுவார்கள், வேட்டைக்காரர்கள் ஆளுக்கொரு ஊசியிலைக் கொத்துப் போடுவார்கள். மண் குவியலில் சின்னக் கரண்டி ஒன்று செருகியிருந்தது. ரோமானா அதன் பக்கத்தில் போய் நின்றாள். எதிர் வரிசையில் ப்ரிமுஸ் கூடையோடு ஒவ்வொருவராகக் கொத்துக் கொடுத்துக்கொண்டே வந்தார். காலையில் அவரே எண்ணி வெட்டியது, ஆளுக்கு ஒன்று. வரிசை முடிந்து கூடையில் மிஞ்சியது அவருடையது மட்டும்தான்.

அதை எடுத்தார். குழியைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து, ரோமானாவின் கையில் கொடுத்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒண்ணாம் தேதி வேட்டை சீசன் திறக்குது அண்ணி. கீழ்க்காட்டு மேடை உங்களுக்கு," என்றார்.

அவள் கொத்தைப் போட்டாள். மற்றவர்களுடையவையும் ஒவ்வொன்றாக அதன்மேல் விழுந்தன. ப்ரிமுஸ் கரண்டியைத் தொடாமல், வெறுங்கையோடு குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார்.