வெள்ளைச் செங்கல், சிவப்புச் செங்கல்

பிச்சுமணி லாவோஸுக்குப் புறப்பட்டபோது முதுகில் மாட்டியிருந்த பை அவரைவிடப் பெரியது. பின்னாலிருந்து பார்த்தவர்கள் ஒரு பை தானாகவே கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போகிறது என்று சத்தியம் செய்தார்கள். முப்பத்தாறு வருஷம் தலைமைச் செயலகத்தில் கோப்பு புரட்டிய மனிதர் அறுபத்தெட்டாம் வயதில் மூன்று வாரம் மலையும் சேறுமாக அலைந்து, எட்டுக் கிலோ இளைத்து, எண்பது கிலோ கோபத்தோடு வலியசாலைக்குத் திரும்பி வந்தார்.

கோபத்துக்குக் காரணம் கியோ. போன்சவன் என்ற ஊரில் அவர் தங்கிய வீட்டுக்காரி. அமெரிக்க விமானங்கள் ஒன்பது வருஷம் குண்டு கொட்டிய பூமி அது. வெடிக்காமல் மண்ணுக்குள் போனவை கோடிக்கணக்கில் இன்னும் அங்கேயே கிடக்கின்றன, ஒவ்வொன்றும் சாத்துக்குடி அளவில். யுத்தம் முடிந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆன ஒரு காலையில் கியோவின் எட்டு வயது மகன் மூங்கில் குருத்து தோண்டப் போனான். மண்வெட்டி அதில் பட்டது. அவள் சொன்னதை அவளுடைய மகள் அரைகுறை இங்கிலீஷில் பெயர்த்துச் சொன்னாள். நான் என்ன செய்யட்டும் என்று பிச்சுமணி கேட்டதற்குக் கியோ ஒன்றுதான் சொன்னாள்: உங்கள் ஊரில் போய்ச் சொல்லுங்கள். அவர் அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்துவிட்டு வந்தார்.

ஊரில் யார் கேட்டார்கள்? தெருச் சங்கத்தின் கூட்டத்தில் ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள். அதில் நாலு நிமிஷம் மைக் வேலை செய்யவில்லை. மிச்சம் ஒரு நிமிஷத்தில் கியோவின் பிள்ளை செத்ததைச் சொல்லி முடிப்பதற்குள், அங்கே சாம்பார் கிடைக்குமா என்று ஒருவர் கேட்டார், சாராயக் குப்பி விலை குறைவாமே என்று இன்னொருவர் கேட்டார்.

ஆகவே நவராத்திரிக்குத் தெருவே தன் வீட்டுக்கு வரும் என்று பிச்சுமணி காத்திருந்தார். மனைவி சுப்புலக்ஷ்மியின் கொலு பதினோரு வருஷமாக முதல் பரிசு வாங்குகிற கொலு. படிகளுக்கு முன்னால் தரையில் பூங்கா கட்டுவது அவர் பொறுப்பு. வழக்கமாகக் கிரிக்கெட் மைதானமோ ரயில் நிலையமோ வரும். இந்த வருஷம் கூடம் முழுக்க மணல் பரப்பி, கடுகு தூவிப் பச்சை வயலாக்கினார். குண்டு விழுந்த பள்ளங்களுக்கு நீலத் தண்ணீர் ஊற்றிய மூடிகளைப் பதித்தார். பயிருக்கு அடியில் வெடிக்காத குண்டுகளாகக் கொட்டைப் பாக்குகளைப் புதைத்தார். அங்கே செய்வதுபோலவே, ஒரு பக்கம் வெள்ளையும் மறுபக்கம் சிவப்பும் பூசிய செங்கல்களை நட்டு நடுவே ஒரு முழப் பாதை விட்டார். வெள்ளைப் பக்கம் நடக்கலாம், சிவப்புப் பக்கம் நடந்தால் செத்தாய் என்று அட்டை எழுதி வைத்தார். இந்த வருஷப் பூங்கா என்ன என்று கேட்டதிலிருந்து சுப்புலக்ஷ்மி அவருடன் பேசவில்லை. காபி மட்டும் வந்தது, பிரளய சத்தத்துடன் தரையில் வைக்கப்பட்டு.

மூன்றாம் நாள் சாயங்காலம் பரிசுக் கமிட்டியாகச் சங்கச் செயலாளர் அழகியநம்பியும் பக்கத்து வீட்டுப் பாகீரதியும் வந்தார்கள். அழகியநம்பி அட்டையை இரண்டு தரம் படித்தார்.

"பிச்சுமணி ஸாரே, இது சரியாவாது கேட்டோ. மங்களமான எடத்திலே குண்டும் சாவுமா? எடுத்துடும் ஓய்."

"மூணாம் படியிலே பாரும். பீஷ்மர் அம்புப் படுக்கையிலே கெடக்கார். அதுக்கு மேலே மகிஷன் கழுத்திலே சூலம். அதெல்லாம் என்ன, கல்யாண ஊர்வலமா?"

"அது புராணம்."

"இது நேத்திக்கு நடந்தது. அதான் உமக்கு நோகறது."

பாகீரதி வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். சிரிப்பா பயமா என்று தெரியவில்லை.

"எடுக்கல்லேன்னா பரிசு இல்லே," என்றார் அழகியநம்பி. "பரிசு போகட்டும். இந்த ஆத்துக்கு வெத்தலை பாக்கு வாங்க ஒரு பொம்மனாட்டியும் போகவேண்டாம்னு தெரு முழுக்கச் சொல்லுவேன்."

பிச்சுமணிக்கு முதுகுத்தண்டில் தீப்பிடித்தது. ஆள் வராத கொலுவில் கியோவின் வார்த்தை யாருக்குப் போய்ச் சேரும்?

"கலசம் வெச்ச கொலுவை விஜயதசமி வரைக்கும் அசைக்கப்படாது. இந்தத் தெருவிலே அந்தச் சட்டத்தைக் கத்திச் சொல்றவர் நீர்தான்."

"பூங்கா கொலுவிலே சேராது. எங்கேயோ காட்டுலே ஒரு பிள்ளை செத்தான்னா வலியசாலை ஏன் ஓய் மூக்கைச் சிந்தணும்? நானே எடுக்கறேன்."

அழகியநம்பி அட்டையைப் பிடுங்க நேராக வயலுக்குள் காலை வைத்தார். இரண்டு எட்டு. மூன்றாவது எட்டில் உள்ளங்காலுக்கு அடியில் ஏதோ உருண்டையாக, கெட்டியாக அழுந்தியது. அவர் நின்றார்.

சமையலறை வாசலில் சுண்டல் பாத்திரத்துடன் சுப்புலக்ஷ்மி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று யாருக்கும் தெரியாது. பாத்திரத்தைக் கீழே வைத்தாள், இந்தத் தடவை சத்தமில்லாமல்.

"செக்ரட்டரி மாமா, நீங்க செத்துப்போய் ஒரு நிமிஷம் ஆச்சு," என்றாள். "இன்னும் நின்னுண்டிருக்கேளே."

அழகியநம்பி குனிந்து பார்த்தார். சுற்றிலும் பச்சை. எல்லாச் செங்கல்களும் அவருக்குச் சிவப்பு முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தன. எழுபது வயதுக்காரர் ஒற்றைக் காலைத் தூக்கினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் தூக்கிய காலைத் தூக்கியபடியே நின்றார். வெறும் பாக்குதான். அவருக்கும் தெரியும். ஆனாலும் கால் இறங்கவில்லை.

"எட்டு வயசு அந்தப் பிள்ளைக்கு," என்றாள் சுப்புலக்ஷ்மி. "பாகீரதி, நீ பாதையிலே நடந்து வா. வெத்தலை பாக்கு வாங்கிக்கோ. போறப்போ தெருவிலே எல்லாரையும் வரச் சொல்லு."

பாகீரதி புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செங்கல்லின் வெள்ளையை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து நடந்து வந்தாள்.

"என் கையைப் பிடியும் ஓய்," என்று பிச்சுமணி பாதையிலிருந்து கையை நீட்டினார். "மெதுவா. அவன் பேரைச் சொல்றேன், கேட்டுண்டே வாரும்."