இளமதி வென்ற கிடாய்

வெளியூர்ப் போட்டியில் பரிசுக்கு ஆடியவர்களுக்குக் கல்லூரி அணியில் இடமில்லை என்பது விதி. குன்றாண்டார்கோவில் கபடியில் இளமதி ஒரு கிடாயை வென்ற செய்தி, உடற்கல்வி ஆசிரியர் ஆனந்தராஜின் காதுக்கு எட்டிவிட்டது. சனிக்கிழமை பல்கலைக்கழகப் போட்டி. அவர் இளமதியைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"காலேஜுக்கு ஆடுனா ஒரு முட்டைதான சார் தர்றீங்க?"

"முட்டை சத்துக்கும்மா. கிடா சம்பளம். வாங்குன ஆளுக்கும் அதுல பங்கு தின்ன ஆளுக்கும் ஒரே தண்டனைதான். எங்க அந்தக் கிடா?"

"நேத்து டீமுக்கு விருந்து வச்சோமே சார். நல்லி எலும்பு கேட்டு வாங்குனீங்க, ஆடு ஏதுன்னு கேக்கலையே!"

ஆனந்தராஜ் தன்னையறியாமல் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு அணிப் பட்டியலை எடுத்து இளமதியின் பெயரை முதலில் எழுதினார்.

"ஜெயிச்சா என்ன தருவீங்க சார்?"

"ரெண்டு முட்டை."