பக்கம் 17: நெடுங்கால் உள்ளான்

1

இந்தக் கதை நான் சொன்ன பொய்களிலிருந்து பிறந்தது. எங்கள் சுற்றுவட்டாரக் குளங்களின் பறவைக் கையேடு எப்போது வரும் என்று மூன்று வருடங்களாகக் கேட்கிறார்கள். 2005இல் தாள் விலை என்றேன். 2006இல் எழுத்துப் பிழைகள் என்றேன். போன மாதம் கைவிட்டாயிற்று என்று சொல்லிவிட்டு, காரணம் கேட்டவரிடம் இருமி மழுப்பினேன். உண்மையை வெளியே சொல்லப் பயம். உள்ளே வைத்திருக்கவும் பயம். கதை என்று எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள் என்கிற அசட்டுத் தைரியத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் தொடக்கம்: 'அவிநாசிக்குப் போகும் வழியில் இருக்கும் அந்தக் குளத்தில்—'

வேண்டாம். எந்தக் குளம் என்று கேட்பார்கள்.

இரண்டாம் தொடக்கம்: 'சாயப்பட்டறை லேபில் வேலை பார்க்கும் விஜயராணி நன்றாகப் படம் வரைவாள்.' இது இருக்கட்டும். [பெயர்களை மாற்றிவிட்டேன். குளத்தின் திசையையும் மாற்றிவிட்டேன். அப்படியும் வாசலில் வண்டி நின்றால் பேனாவை மூடிவிடுகிறேன்.]

2

நான் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர்; சாயப்பட்டறைகளுக்கு ஆர்டர் கொடுத்து வேலை வாங்குவது என் பொறுப்பு. விஜயராணி சிவகங்கைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். வெளிநாட்டுக்காரன் அனுப்பும் துணித்துண்டின் நிறத்தை இம்மி பிசகாமல் கொண்டுவருவது லேபில் அவள் வேலை. எங்கள் தொழிலில் சிவப்பு, பச்சை என்று சொன்னால் சிரிப்பார்கள். ஷேட் நம்பர்தான் பேச்சு.

கையேட்டுக்கு நான் எழுத, அவள் வரைந்தாள். குளக்கரையில் கிடந்த இறகுகளைப் பொறுக்கிவந்து, லேபின் விளக்குப் பெட்டியில் வைத்து நிறம் பிடித்தாள். பழக்கதோஷத்தில் ஒவ்வொரு படத்தின் கீழும் ஷேட் நம்பர் எழுதினாள். ஏதோ பறவை எண் என்று நினைத்து அச்சகக்காரர் அதையும் சேர்த்துக் கோத்துவிட்டார்.

கோயம்புத்தூர்ப் பதிப்பாளர் சிவசுப்பிரமணியம்தான் முதலில் கண்டுபிடித்துப் போன் செய்தார்.

"ஏனுங்க, பதினேழாம் பக்கத்துல நெடுங்கால் உள்ளான் வயிறு வெள்ளைதானுங்களே? அந்தம்மா வேற என்னமோ அடிச்சிருக்குதுங்க."

மெய்ப்பை எடுத்துப் பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய வயிறு முழுக்கக் கத்தரிப்பூ—

இல்லை. நிறத்தை எழுதக் கூடாது. (          ) என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படத்துக்குக் கீழே இருந்த நம்பர் எனக்கு மனப்பாடம். அந்த வருடம் அந்த நிறத்தை ஊரிலேயே ஒரே ஒரு சாயப்பட்டறைதான் போட்டது. விஜயராணி வேலை பார்க்கும் பட்டறை. ஆர்டர் கொடுத்தது நான்.

3

மறுநாள் சாயங்காலம் பேக்கரியில் அவளைப் பார்த்தேன்.

"பாத்ததத்தானே வரைஞ்சேன், அண்ணே. எறகு அந்த நெறத்துலதான் கெடந்துச்சு."

"கழுவிப் பாத்தீங்களாம்மா?"

"மூணு தடவ. போகல. சாயம் நல்ல பிடிப்பு."

தொழில்காரியாகத்தான் அதைச் சொன்னாள். சொல்லி முடித்த பிறகு அவளுக்கே உறைத்தது. டீ கிளாஸை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

"மழை பெஞ்சா சாயத்தண்ணிய அந்தக் கொளத்துக்குப் போற ஓடையில விடச் சொல்லுவாக. வால்வத் தெறக்கிறது எங்க வீட்டுக்காரருண்ணே."

அவள் புருஷன் ஜெயபாண்டியை எனக்குத் தெரியும். அதிர்ந்து பேசாத மனுஷன்.

"முதலாளி சொல்லித்தானுங்களே தெறக்கறாரு?"

"எழுதியா குடுத்தாக? மாட்டுனா, குடிச்சுப்புட்டுத் தெறந்துட்டான்னு இவரு தலையில கட்டிருவாக. இவரு குடிக்கிறதே இல்லண்ணே."

[போன வருடம் இன்னொரு பட்டறையில் நடந்தது இதுதான். முதலாளி கார் மாற்றிவிட்டார். வால்வு திறந்தவன் இன்னும் கோர்ட்டுக்கு அலைகிறான்.]

[இன்னொன்று. மெய்ப்புப் படிகள் ஆறு பேர் பார்வைக்குப் போயின, ஐந்து திரும்பின. ஆறாவது யாரிடம் இருக்கிறது என்று சிவசுப்பிரமணியத்துக்கு நினைவில்லை. எனக்கு அது நினைவில்லாத நாளே இல்லை.]

4

முடிவுகள்.

அ. விஜயராணி வயிற்றுக்கு வெள்ளை அடிக்கிறாள். நம்பரை எடுத்துவிட்டு அச்சுக்குப் போகிறோம். [உண்மையாகவே அடித்துக்கொண்டு வந்தாள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் கையேட்டோடு அந்தக் குளத்துக்குப் போகிறவர் அப்படி ஒரு பறவையைப் பார்க்கவே மாட்டார். ஆறாவது படியை வைத்திருப்பவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்?]

ஆ. உள்ளதை உள்ளபடி அச்சடிக்கிறோம். தொழில் தெரிந்த எவனோ ஒருவன் நம்பரைப் பார்க்கிறான். இரண்டாம் நாள் காலையில் ஜெயபாண்டியின் வாசலில் ஒரு ஜீப் வந்து—

எழுத வரவில்லை. அந்த வீட்டில் நான் கறிக்குழம்பு சாப்பிட்டிருக்கிறேன்.

இ. கையேட்டை நிறுத்துகிறோம். நடந்தது இதுதான். வெள்ளையை அனுப்ப மனசு வரவில்லை. நிறத்தை அனுப்பத் துணிச்சல் வரவில்லை. இது பயந்தாங்கொள்ளியின் முடிவு என்று எனக்கும் தெரியும். ஆர்டர் கொடுத்தவன் என்ற முறையில் என்னைக் காப்பாற்றிக்கொண்டேன் என்று நீங்கள் சொன்னாலும் மறுக்கமாட்டேன். போன வாரம் மழை பெய்தது. நான் குளத்துப் பக்கம் போகவில்லை.

5

இந்தக் கதையைப் பத்திரிகைக்கு அனுப்பும் முன் விஜயராணியிடம் காட்டினேன். உதடு அசையப் படித்தாள்.

"நெறத்த எழுதலயில்ல, அண்ணே?"

"இல்லீங்கம்மா."

தாள்களைத் திருப்பி இரண்டாம் பகுதிக்குப் போனாள். பாதியில் நின்ற அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தாள். நிறம் பிடிக்கிறவளின் கண்ணுக்கு அரைச் சொல் போதும். என்னைத் திட்டியிருக்கலாம். விரலை எடுக்காமல் என் முகத்தையே பார்த்தாள்.

"அடிச்சுடறேனுங்கம்மா" என்றேன்.

அவள் போய்விட்டாள். பேனாவைத் திறந்து வைத்திருக்கிறேன். அடித்தால் அந்தப் பறவை கதையிலும் வெள்ளையாகிவிடும். அடிக்காவிட்டால் அவள் புருஷன்.

தபால் பெட்டியை நான்கு மணிக்குத் திறப்பார்கள். இரண்டாம் பகுதிக்குத் திரும்பிப் போய், அடித்தேனா என்று நீங்களே பாருங்கள். அந்தச் சொல் அங்கே இருந்தால், தயவுசெய்து சத்தமாக வாசிக்காதீர்கள்.