அடைத்துவிட்டு வரும் கை

காலை ஏழரைக்குள் மூன்று ஆஸ்பத்திரிகள் கையை விரித்துவிட்டன. முதலாவதில் படுக்கை இல்லை என்றார்கள். இரண்டாவதில் படுக்கை இருக்கிறது, ஆக்சிஜன் இல்லை என்றார்கள். மூன்றாவதில் யாரும் எதுவும் சொல்லவில்லை. மணி அடித்து அடித்துப் போன் தானாகவே ஓய்ந்தது.

வெல்டர் மூன்றையும் கூடத்துச் சுவரில் சாக்பீஸால் எழுதினார். பட்டறையில் இரும்பின் மேல் அளவு குறிக்கிற பழக்கம். மனைவி படுத்த நாளிலிருந்து வீட்டுச் சுவரும் இரும்பாகிவிட்டது. சுரம், மாத்திரை கொடுத்த நேரம், விரலில் மாட்டும் கருவி காட்டிய ஆக்சிஜன் எண், எல்லாம் அந்தச் சுவரில் வரிசையாக இருந்தன. நேற்று மதியம் 88. நேற்று மாலை ஐந்து மணிக்கு 84. அதற்குக் கீழே தடித்த கோடு. கோட்டுக்குக் கீழே 93.

அந்தக் கோடுதான் சிலிண்டர் வந்த நேரம்.

அவர் மனைவி மருந்துக் கடையில் பில் போடுகிறவர். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதும் அவர் போய்த்தான் ஆகவேண்டும். இருமிக்கொண்டு வந்தவர்கள் எல்லோரும் முதலில் நின்றது அவர் முன்னால்தான். வெல்டரின் பட்டறையோ ஐந்து வாரமாகப் பூட்டிக் கிடந்தது. இரும்பு வெட்டுவதற்காக வாங்கி வைத்த ஒரு முழு ஆக்சிஜன் சிலிண்டரும் ஒரு காலி சிலிண்டரும் உள்ளே இருந்தன. முழு சிலிண்டரை நான்கு மாடி ஏற்ற லேத்துக்காரர் வந்தார். பட்டறைக்குப் பக்கத்துக் கடை, பதினெட்டு வருடச் சிநேகம். மற்றவர்கள் போனில் அழுதார்கள். அவர் வேனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

எதை எப்படி மாட்ட வேண்டும் என்று, ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்ட கீழ்வீட்டு நர்ஸம்மா போனிலேயே சொன்னார். ரெகுலேட்டர், அதிலிருந்து ஒரு குழாய், தண்ணீர் பாட்டில், அதிலிருந்து இன்னொரு குழாய், முகத்தில் மாஸ்க். பாட்டிலில் குமிழ் வந்துகொண்டே இருந்தால் காற்று போகிறது என்று அர்த்தம்.

“என்னையும் பட்டறையாக்கிட்டீங்க,” என்றார் மனைவி மாஸ்க்குக்குள்ளிருந்து. “கறுப்புக் கண்ணாடி ஒண்ணுதான் பாக்கி.”

“பேசாத. பேசினா எண் இறங்குது.”

“இருபது வருஷமா பேசாதங்கிறீங்க. நான் கேட்டேனா?”

அது நேற்று. இன்று காலை அவர் பேசவில்லை, தூங்கினார். சிலிண்டரில் மிச்சம் எவ்வளவு என்று காட்டும் முள் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியிருந்தது. வெல்டர் கணக்குப் போட்டார். போட்டது சரிதானா என்று சந்தேகம் வந்து மறுபடியும் போட்டார். இரண்டு முறையும் ஒரே விடைதான்: மாலை நான்கு மணி. நான்கு மணிக்குள் காலி சிலிண்டர் நிரம்பி மாடியேற வேண்டும். இல்லையென்றால் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிற எண்ணுக்குப் போக வேண்டியதுதான். அதற்கும் கீழே என்ன எண் என்று அவர் யோசிக்கவில்லை.

மகளைக் கூடத்து ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். பதினேழு வயது. கதவைச் சாத்திவிட்டால், கூடத்திலிருந்து அம்மா படுத்திருக்கும் அறையைப் பார்க்க அந்தச் சின்ன ஜன்னல் ஒன்றுதான் வழி.

“ஒன்பது மணிக்கு அம்மாவை எழுப்பு. விரல்ல மாட்டி எண்ணைக் காட்டச் சொல்லு. சுவத்துல எழுது.”

“சரிப்பா.”

“கதவைத் திறக்கக் கூடாது. என்ன ஆனாலும் உள்ள போகக் கூடாது. எனக்கு நீயாவது மிச்சம் வேணும்.”

“இப்படியெல்லாம் பேசாதீங்கப்பா,” என்றாள் அவள்.

வெல்டர் இரண்டு மாஸ்க்கை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு அறைக்குள் போனார். மனைவியின் நெற்றியைத் தொட்டார். மாஸ்க்கின் நாடா காதை அறுக்காதபடி அடியில் பஞ்சைச் செருகி வைத்தார். தண்ணீர் பாட்டில், குழாய், முள், எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தார். கீழே வேன் ஹாரன் அடித்தது. கதவைச் சாத்திவிட்டுக் கையைக் கழுவி இறங்கினார். மணி எட்டு பத்து.

நிரப்பும் இடத்தில் சிலிண்டர்கள்தான் வரிசையில் நின்றன. மனிதர்கள் அவரவர் சிலிண்டருக்குப் பக்கத்தில், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வந்தவர்கள்போல் அதன் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். இடைவெளி விட்டு நிற்பதற்காகத் தரையில் வட்டம் போட்டிருந்தார்கள். ஒரு வட்டத்துக்கு மூன்று பேர் இருந்தார்கள். வாயிலில் காவலாளி ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டிருந்தார். வெல்டருக்குக் கிடைத்த டோக்கன் நாற்பத்தொன்று.

“சினிமா டிக்கெட்டுக்குக்கூட நான் இப்படி நின்னதில்ல மாப்ளே,” என்றார் லேத்துக்காரர். “அங்க பிளாக்லயாவது கிடைக்கும்.”

“இங்கயும் கிடைக்குதாம்.”

“கேட்டேன். அந்த ஆள் தூக்கிட்டு வந்தது தீயணைக்கிற சிலிண்டர். சிவப்பு பெயிண்டு மேல கறுப்பு அடிச்சிருக்கான், காயக்கூட இல்ல.”

வெல்டர் சிரிக்க முயன்றார். மாஸ்க்குக்குள் யார் சிரித்தார்கள், யார் சிரிக்கவில்லை என்று யாருக்குத் தெரியும்? முன்னால் நின்ற பெண்மணி யாரோ ஒருவரிடம் போனில், “அவரைப் பேசிட்டே இருக்கச் சொல்லு, தூங்கவிடாத,” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் சொல்வதை நிறுத்தினார். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பிறகு சிலிண்டரை அங்கேயே விட்டுவிட்டு நடந்து போனார். வரிசையில் யாரும் அதைத் தள்ளிவைக்கவில்லை. கொஞ்சநேரம் கழித்து எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டு முன்னே நகர்ந்தார்கள்.

“டோக்கனைக் கையில வெச்சுக்கங்க!” என்று காவலாளி கத்தினார்.

வெல்டர் சட்டைப்பையைத் துழாவினார். இல்லை. கால்சட்டைப்பையில் கையை விட்டார். டோக்கன் இருந்தது. அதோடு இன்னொன்றும் விரலில் பட்டது. கனமாக, சில்லென்று.

வெளியே எடுக்காமலேயே அது என்னவென்று தெரிந்துவிட்டது. சிலிண்டர் சாவி.

அவருடைய சிலிண்டரின் வால்வில் கைப்பிடி கிடையாது. தலையில் சதுரமாக ஒரு முனைதான் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் சாவியை மாட்டித்தான் திறக்கவோ அடைக்கவோ முடியும். பட்டறையில் சிலிண்டரை விட்டு நாலடி நகர்ந்தாலும் வால்வை அடைத்துவிட வேண்டும், சாவியை எடுத்துப் பையில் போட வேண்டும். வேலைக்கு வந்தவர்களிடம் அவர் முதல் நாள் சொல்கிற முதல் பாடம் அதுதான். அடைக்காமல் டீ குடிக்கப் போன ஒருவனை அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியிருக்கிறார். இருபத்திரண்டு வருடமாக அவர் கை அதை அவரைக் கேட்டுக்கொண்டு செய்ததில்லை. மூச்சு விடுவதுபோல் தானாகச் செய்யும்.

இன்று காலையும் செய்திருக்கிறது.

சாவியை எடுத்து லேத்துக்காரரிடம் காட்டினார்.

லேத்துக்காரர் அதைப் பார்த்தார். அவரும் பட்டறைக்காரர்தான், விளக்கத் தேவையில்லை. வேன் சாவியை வெல்டரின் கையில் திணித்தார்.

“ஓடு. சிலிண்டரை நான் பாத்துக்கறேன். உருட்டிக்கிட்டே போறேன். ஓடுய்யா!”

மணி எட்டு ஐம்பது. அடைத்து நாற்பது நிமிடம்.

வேனை எடுக்கும்போதே மகளுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார்.

“பாட்டில்ல குமிழ் வருதா பாரு.”

“அம்மா தூங்கறாங்கப்பா.”

“பாட்டிலைப் பாரு!”

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. “இல்லப்பா. தண்ணி அப்படியே நிக்குது. அப்பா, ஏன் நிக்குது? அம்மா, அம்மா! அப்பா, எழுப்பினா எழுந்திரிக்க மாட்டேங்கறாங்க.”

காலையில் என்ன சொல்லிவிட்டு வந்தோம் என்பது அவருக்கு நினைவிருந்தது. அதைத் தன் வாயாலேயே அழிக்க வேண்டியிருந்தது.

“உள்ள போ.”

கதவு திறக்கும் சத்தம் அவர் சொல்லி முடிப்பதற்குள் கேட்டது.

“விரல்ல மாட்டு. எண் சொல்லு.”

“உதடெல்லாம் நீலமா இருக்குப்பா. அறுபத்தாறு. அப்பா, அறுபத்தாறுதான் காட்டுது.”

“சிலிண்டர் தலையில சதுரமா ஒரு முனை இருக்கும். அதை இடப்பக்கமாத் திருப்பணும். சாவி எங்கிட்ட இருக்கு. எதிர்வீட்டுல கட்டிங் பிளேயர் இருக்கும், கேளு.”

எதிர்வீட்டுக்காரர் நல்ல மனிதர். ஒன்பது நாளாக இவர்கள் வீட்டுக் கதவு திறந்த சத்தம் கேட்டாலே தன் கதவைச் சாத்திக்கொள்கிறவர். போனில் எல்லாம் கேட்டது. மகள் கதவைத் தட்டினாள். அவர் உள்ளிருந்தே, “தள்ளி நில்லும்மா, தள்ளி நில்லு,” என்றார். பிறகு தாழ்ப்பாள் சத்தம். இரும்பு தரையில் உராய்ந்துகொண்டு வந்த சத்தம். துடைப்பத்தால் தள்ளிவிட்டிருக்கிறார். “திருப்பித் தர வேணாம்மா. நீயே வெச்சுக்கோ.”

“கிடைச்சிடுச்சுப்பா.”

வெல்டருக்கு அடுத்த பயம் பிடித்தது. “அதுல எண்ணெய் இருக்கா?”

“பிசுபிசுன்னு இருக்கு.”

“சோப்பு போட்டுக் கழுவு. எண்ணெய் பட்டா ஆக்சிஜன் பத்திக்கும். உன் கையையும் கழுவு.”

“அதுக்கெல்லாம் நேரம் இல்லப்பா!”

“கழுவுடீ! தயவுசெஞ்சு கழுவு.”

குழாய் ஓடியது. அந்தத் தண்ணீர்ச் சத்தத்தை அவர் வாழ்நாளில் அவ்வளவு வெறுத்ததில்லை.

பாலத்தில் தடுப்பு வைத்திருந்தார்கள். போலீஸ்காரர் கையை நீட்டினார். “பாஸ் இருக்கா?”

“வீட்டுல எல்லாருக்கும் நோய் சார். எனக்கும் இருக்கு.”

போலீஸ்காரர் இரண்டடி பின்னால் போனார். தடுப்பைக் காலாலேயே ஒதுக்கினார். அதைவிடப் பெரிய பாஸ் ஊரில் இல்லை.

“வழுக்குதுப்பா,” மகளின் குரல் உடைந்திருந்தது. “இறுக்கமா இருக்கு. யாரு இப்படி இறுக்கினது?”

அவர் ஆக்ஸிலரேட்டரை இன்னும் அழுத்தி மிதித்தார்.

“அப்பா?”

“பிளேயரை நல்லா உள்ள தள்ளிப் பிடி. சிலிண்டர் ஆடாம முழங்காலால முட்டுக்கொடு. உடம்போட பாரத்தைப் போட்டுத் திருப்பு. இடப்பக்கம்.”

முக்கும் சத்தம். இரும்பு வழுக்கும் சத்தம். “ஐயோ” என்று ஒரு சத்தம். விரல் நசுங்கியிருக்க வேண்டும். மறுபடி முக்கும் சத்தம். தெருவில் ஈ காக்கை இல்லை. சிவப்பு விளக்குகள் யாருக்காக என்று தெரியாமல் எரிந்துகொண்டிருந்தன. எதற்கும் அவர் நிற்கவில்லை.

“ஒண்ணு வந்துச்சுப்பா.”

“என்ன?”

“குமிழ். ஒண்ணு வந்துச்சு.”

“அப்புறம்?”

வேன் ஒரு தெருவைத் தாண்டியது. “இன்னொண்ணு.”

அப்படியே எண்ணிக்கொண்டு வந்தாள். அவரும் வேனுக்குள் எண்ணிக்கொண்டு வந்தார். பதினேழாவது குமிழுக்கு வேன் வாசலில் நின்றது. நான்கு மாடி எப்படி ஏறினார் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. சாவியை மாட்டி ஒரே திருப்பு. பாட்டில் கொதிப்பதுபோல் பொங்கியது.

மாஸ்க்கை மனைவியின் முகத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். மகள் அம்மாவின் விரலையும் கருவியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மாஸ்க்கே இல்லை. 61. 63. 63. 70. ஒன்பதரைக்கு 79. அங்கேயே நின்றது. 93க்குப் போகவில்லை. மனைவி கண்ணைப் பாதி திறந்தார், எதையும் பார்க்கவில்லை.

“நான்தான் அடைச்சேன்,” என்றார் வெல்டர். “போகும்போது.”

மகள் அவரைப் பார்த்தாள். திட்டியிருக்கலாம். “தெரியும்ப்பா,” என்றாள். “வேற யாரு அவ்வளவு இறுக்குவாங்க?”

அவர் முள்ளைப் பார்த்தார். மூடிக் கிடந்ததால் ஒரு மணிநேரக் காற்று மிச்சமாகியிருந்தது. நான்கு மணி ஐந்து மணியாகிவிட்டது என்று மனம் தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது. அப்படிப் போட்ட தலையைச் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

போன் அடித்தது. லேத்துக்காரர்.

“மாப்ளே, தங்கச்சி எப்படி?”

“இருக்கா.”

“கேளு. மதியத்தோட கதவைச் சாத்தறாங்களாம், டேங்கர் வரலயாம். முப்பத்தஞ்சாவது டோக்கன் உள்ள போயிடுச்சு. நெரப்பிட்டாலும் வேன் இல்லாம நான் எப்படிக் கொண்டுவர்றது? நீ வந்தாதான் உண்டு. உடனே வா.”

வெல்டர் மனைவியைப் பார்த்தார். 79. 78. 79. இந்த அறையை விட்டு இன்னொரு முறை வெளியே போக அவர் கால் ஒப்பவில்லை. போகாவிட்டால் ஐந்து மணிக்கு இந்தப் பாட்டில் தானாகவே நின்றுவிடும்.

“போங்கப்பா,” என்றாள் மகள். “நான் இங்கயே இருக்கேன். இனிமே நான் வெளிய இருந்து என்ன பிரயோஜனம்?”

எழுந்தார். மனைவியின் நெற்றியைத் தொட்டார். நாடாவைச் சரிசெய்தார். கதவுப் பக்கம் திரும்பினார்.

“அப்பா!”

மகள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். குனிந்து பார்த்தார். வலது கை சிலிண்டரின் தலையில், சாவியின் மேல் இருந்தது. விரல்கள் மடங்கி, வலப்பக்கமாகத் திருப்பத் தயாராக இருந்தன. எப்போது அங்கே போனது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஒவ்வொரு விரலாக எடுத்தார். அந்தக் கையை இடது கையால் பிடித்துக்கொண்டார், பிறருடைய கையைப் பிடிப்பதுபோல். முழங்கையால் கதவைத் தள்ளி வெளியே வந்தார். நான்காவது மாடிப் படியில் இறங்கியதும் நின்றார்.

“குமிழ் வருதா?” என்று மேலே பார்த்துக் கத்தினார்.

“வருதுப்பா.”

மூன்றாவது மாடியில் மறுபடி நின்றார். கையை விடவில்லை. “வருதா?”

“வருதுப்பா, போங்க.”

இரண்டாவது மாடியில் யார் வீட்டிலோ இருமல் கேட்டது. அது ஓயும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார்.

“வருதா?”

மேலிருந்து பதில் வரச் சற்றுத் தாமதமானது.

“எண் எழுபத்தேழு,” என்றாள் மகள். “குமிழ் வருது. ஓடுங்கப்பா.”

அவர் ஓடினார்.